பூட்டுக்காரன் முகம்

பூட்டுக்காரன் கொன்ற அத்தனை பேருடைய ரத்தமும் பாப்பாவின் கைவேலைதான். கறுப்பு வெள்ளைப் படக்கதையில் ரத்தமும் கறுப்பு, இருட்டும் கறுப்பு, செத்துக் கிடப்பவளின் கூந்தலும் கறுப்பு. அண்ணி பேனாவால் கோடு போட்டு முடித்து, எங்கெல்லாம் மை நிரம்ப வேண்டுமோ அங்கெல்லாம் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டு, பக்கத்தை மேஜையின் இந்தப் புறம் தள்ளிவிடுவாள். பாப்பா தூரிகையை மையில் தோய்த்து, குறி இருக்கும் இடத்தையெல்லாம் வழியாமல், கோட்டைத் தாண்டாமல் நிரப்புவாள். காய்ந்ததும் ரப்பரால் பென்சிலைத் துடைத்தெடுத்து, ஸ்கேன் செய்து, பத்திரிகைக்கு அனுப்புவாள். கொலை செய்வது அண்ணி, தடயத்தை அழிப்பது பாப்பா என்று அவர்களுக்குள் ஒரு கேலி உண்டு.

பாப்பா என்றதும் யாரும் கவுன் போட்ட குழந்தையை நினைத்துக்கொள்ள வேண்டாம். நாற்பதைத் தாண்டியாகிவிட்டது, காதோரம் நரைத்தாகிவிட்டது, ஒரு கல்யாணம் செய்து அதிலிருந்து தப்பித்தும் வந்தாகிவிட்டது. வீட்டில் கடைசியாகப் பிறந்தவள் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர், பென்ஷன் வாங்கும் வயதிலும் போகாது. பெயின்ட் கம்பெனி ஒன்றில் நிறம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் வேலையில் இருந்தாள். கம்பெனியை இழுத்து மூடியபோது, "சும்மா உட்கார்ந்து சுவத்தைப் பார்க்கப் போறியா? வந்து எனக்கு மை நிரப்பு" என்று அண்ணிதான் கூப்பிட்டாள். அண்ணி கூப்பிட்டது வேலைக்கு மட்டுமல்ல, வீட்டுக்கும்தான். அண்ணன் இருந்தவரை பாப்பா அந்த வீட்டில் ஒரு வேளைக்கு மேல் தங்கியதில்லை. பெண்கள் விடுதியில் ஒரு கட்டிலும் ஒரு பெட்டியுமாகக் காலம் தள்ளினாள். அண்ணன் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் கழித்துத்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

'பூட்டுக்காரன்' வாரப் பத்திரிகையில் வந்த தொடர். இந்த மாதிரிப் படக்கதைக்கு ஜப்பானில் மாங்கா என்று பெயர் என்று அண்ணி விளக்கியபோது, அம்மா "புளிக்குமா?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். கதை இதுதான். ஓர் ஊரில் பூட்டுத் திறக்கும் தொழில் செய்கிறவன் ஒருவன். எந்த வீட்டுக்குள்ளும் சத்தமில்லாமல் நுழைவான், உள்ளே இருப்பவரைக் கொல்வான். கோபம் கிடையாது, பகை கிடையாது, பணத்தாசையும் கிடையாது. ஓர் ஆள் சாகும்போது எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு. பார்த்து முடித்துவிட்டு, உள்தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருக்க, வெளியே வந்துவிடுவான். மறுநாள் கதவு திறக்கவில்லை என்றால் போலீஸ் யாரைக் கூப்பிடும்? அவனைத்தான். அவனே வந்து, அவனே திறந்து, அவனே முதல் ஆளாக உள்ளே பார்த்து "ஐயோ" என்று அலறுவான். அக்கம்பக்கத்தார் அவனை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுப்பார்கள். இன்ஸ்பெக்டர் அம்மாள் அவன் கையைப் பிடித்து நன்றி சொல்வாள். உண்மை வாசகனுக்கு மட்டும் தெரியும். பயந்துகொண்டேதான் அடுத்த வாரமும் கடைக்கு ஓடுவான்.

அவன் முகத்தை மட்டும் வாசகர் யாரும் பார்த்ததில்லை. எப்போதும் தொப்பி, தொப்பிக்குக் கீழே நிழல். அண்ணி அந்த இடத்தில் எதையும் வரைய மாட்டாள். வெறும் தாளில் ஒரு குறி, அவ்வளவுதான். பாப்பா வாரா வாரம் அதைக் கறுப்பாக்குவாள். ஐந்து வருஷமாக வாசகர்கள் "முகத்தைக் காட்டு, முகத்தைக் காட்டு" என்று பத்திரிகை ஆபீசைத் துளைத்தெடுத்தார்கள்.

குறி விஷயத்தில் ஒரே ஒரு முறை கோளாறு நடந்தது. ஒரு டாக்டரின் பல்வரிசை சரியாக வரவில்லை, திருப்பி வரைய வேண்டும் என்று அண்ணி தன் ஞாபகத்துக்காக அவர் வாயில் ஒரு குறி போட்டு வைத்தாள். பாப்பா வழக்கம்போல நிரப்பித் தள்ளிவிட்டாள். டாக்டர் வாயெல்லாம் கரியோடு அச்சில் வந்து நின்றார். அண்ணி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பார்த்தால், 'டாக்டரின் உள்ளத்து இருளை வாய் வழியே காட்டிய நுட்பம்' என்று கடிதம் வந்து குவிகிறது. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் மைப்புட்டி கவிழ்ந்தது. அன்றிலிருந்து வீட்டில் சட்டம் ஒன்று: குறி என்றால் மை. வேறு எந்தக் காரியத்துக்கும் குறி கிடையாது.

வீட்டில் மூன்றாவது ஆள் அம்மா. எழுபத்தைந்து வயது, முழங்கால் வலி, கண்ணில் புரை. ஆனாலும் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு 'பூட்டுக்கார'னை ஒரு கட்டம் விடாமல் வாசிப்பாள். வாசகர்கள் அந்த முகம் எப்படி இருக்கும் என்று பந்தயம் கட்டிக்கொண்டிருந்தபோது அவள் மட்டும் அதைப் பற்றி வாயே திறந்ததில்லை. வேறு மாதிரி குறை சொல்வாள். ஒருநாள் பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு, "கதவைத் திறந்ததும் இவன் உடனே அழக்கூடாதும்மா" என்றாள் அண்ணியிடம். "முதல்ல திரும்பிப் பார்க்கணும். யார் யார் வந்திருக்காங்கன்னு பார்த்துட்டு அப்புறம்தான் அழணும்." அண்ணி அவளை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். அடுத்த கொலையிலிருந்து பூட்டுக்காரன் திரும்பிப் பார்த்துவிட்டு அழுதான். அது இன்னும் பயங்கரமாக இருந்தது.

ஹாலில் அண்ணன் படம் மாட்டியிருந்தது. அம்மாதான் தினமும் துடைப்பாள். அண்ணனைப் போல ஒரு மனுஷனை ஊரில் தேடினாலும் கிடைக்காது என்று எல்லோரும் சொல்வார்கள். விற்பனை அதிகாரி. ஆபீசில் பியூன் மகளுக்குப் பரீட்சை என்றால்கூட ஞாபகம் வைத்து விசாரிப்பான். பக்கத்து வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி என்றால் ஓடிப் போய் நிற்பான். ஒரு கூட்டத்தில் எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டே மாரடைப்பில் சரிந்தான். சாவுக்கு வந்தவர்கள் தேம்பித் தேம்பி அழுதார்கள். அண்ணி மட்டும் அழவில்லை. கட்டின புருஷனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத கல்நெஞ்சக்காரி என்று அவளுக்கு அன்றே பட்டம் கொடுத்துவிட்டார்கள். அடுத்த வருஷம் அவள் கொலைக்கதை வரைய ஆரம்பித்ததும், பார்த்தீர்களா என்றார்கள்.

பாப்பாவின் இடது முழங்கை முழுதாக நிமிராது. எட்டு வயதில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மேலிருந்து விழுந்ததில் எலும்பு முறிந்து, கோணலாகச் சேர்ந்தது. அப்போது அண்ணன்தான் கத்தி ஊரைக் கூட்டினான். "பன்னிரண்டு வயசுப் பையனுக்கு எவ்வளவு சமயோசிதம்! அவன் மட்டும் இல்லைன்னா இந்தப் பெண்ணை உயிரோட பார்த்திருக்க முடியாது" என்று டாக்டரே முதுகில் தட்டிக்கொடுத்தார். நம் வீடுகளில் யாரும் யாருக்கும் நன்றி சொல்வதில்லை. அது மேடைக்கும் கடிதத்துக்குமான சொல். வீட்டுக்குள் சொன்னால் கேலியாகப் போய்விடும். ஆனால் அம்மா அந்த ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தாள். யார் பார்க்க வந்தாலும் கட்டோடு இருந்த பாப்பாவை முன்னால் நிறுத்தி, "சொல்லு. அண்ணனுக்கு நன்றி சொல்லு" என்பாள். பாப்பா சொல்வாள். அண்ணன் வெட்கப்படுவதுபோல் சிரிப்பான். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவர்கள் முன்னால்கூடச் சொல்ல வைத்தாள். அந்தச் சொல்லே பாப்பாவுக்குத் தொண்டையில் முள் மாதிரி ஆகிப் போனது.

தொடர் முடிய வேண்டிய நேரம் வந்தது. கடைசிப் பகுதியில் முகம் தெரிந்தே ஆக வேண்டும் என்று ஆசிரியர் ஒற்றைக் காலில் நின்றார். அட்டையிலேயே 'இந்த வாரம் பூட்டுக்காரன் முகம்' என்று போட்டுவிட்டார். அண்ணியும் சரி என்றுதான் உட்கார்ந்தாள். ஆனால் நாள் முழுக்க வரைந்து வரைந்து கிழித்தாள். குப்பைக்கூடையில் அழகான முகம், கொடூரமான முகம், சாதுவான முகம் என்று கசங்கிக் கிடந்தன. "இவன் இல்லை, இவனும் இல்லை" என்று முணுமுணுத்தாள். சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை. மற்றப் பக்கமெல்லாம் முடிந்து, மை காய்ந்து, இந்த ஒரு பக்கத்துக்காகக் காத்திருந்தது. ஆசிரியர் மணிக்கொரு தரம் போன் செய்தார்.

மறுநாள் மதியச் சாப்பாடு முடிந்து அம்மா தன் அறையில் படுத்திருந்தாள். அண்ணி அந்தக் கடைசிப் பக்கத்தைத் தள்ளினாள். தள்ளிவிட்டு எழுந்துபோய், கை கழுவும் தொட்டியில் பேனாவைக் கழுவ ஆரம்பித்தாள். பாப்பா தூரிகையைத் தோய்த்துக்கொண்டு குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

படத்தில் இன்ஸ்பெக்டர் அம்மாள் பூட்டுக்காரனின் தொப்பியைத் தட்டிவிடுகிறாள். பாதிப் பக்கத்தை அடைத்துக்கொண்டு முகம். அண்ணி மீசையை எடுத்திருந்தாள், முடியை வேறு பக்கம் வாரியிருந்தாள், ஆனால் அதெல்லாம் ஒரு மறைப்பா? அண்ணன்தான். ஹாலில் மாட்டியிருக்கும் படத்திலுள்ள, ஊர் முழுக்க அறிந்த அண்ணன் அல்ல. தலையைக் கொஞ்சம் சாய்த்து, உதடு லேசாகப் பிரிந்து, அவசரமே இல்லாமல் பார்த்துக்கொண்டிருக்கும் அண்ணன். அந்தக் கண்ணில் வெறுப்பு இல்லை, சந்தோஷம்கூட இல்லை. அடுத்து என்ன ஆகும் என்று தெரிந்துகொள்கிற ஆவல் மட்டும் இருந்தது. அந்த முகத்தின் நெற்றியில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி.

பாப்பா அந்த முகத்தை ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறாள். தரையில் கிடந்தபடி, கீழிருந்து மேலாக. தொட்டி மேல் பட்டம் சிக்கியிருக்கிறது, எடுத்துக் கொடு என்று ஏற்றிவிட்டவன் அவன்தான். பின்னாலேயே ஏறி வந்து, முதுகில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளியவனும் அவன்தான். பிறகு நிதானமாக இறங்கி வந்து, அவள் பக்கத்தில் நின்று, தலையைச் சாய்த்து இப்படித்தான் பார்த்தான். கத்தினதெல்லாம் அதற்குப் பிறகு. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. காப்பாற்றியவனையே குற்றம் சொல்கிற நன்றி கெட்டவள் என்பார்கள் என்று முதலில் பயம். வருஷம் போகப் போக, தலையில் அடிபட்டதில் தானே கற்பனை செய்துகொண்டோமோ என்று சந்தேகம். அந்தச் சந்தேகத்தோடேதான் இத்தனை காலமும் வாழ்ந்தாள்.

"அண்ணி."

"ம்."

"இந்த மூஞ்சியை எங்கே பார்த்தீங்க?"

அண்ணி திரும்பவில்லை. "குறி போட்டிருக்கேன்ல? நிரப்பிடு. எதுவும் கேட்காதே."

"கேட்கத்தான் போறேன். எங்கே பார்த்தீங்க?"

"தெரிஞ்சுக்கிட்டே ஏன் கேட்கிறே?" அண்ணி குழாயை மூடினாள். "வேற மூஞ்சி வரலை பாப்பா. முட்டி மோதிப் பார்த்துட்டேன். எங்கே சுத்தினாலும் கை இங்கேயே வந்து நிக்குது. உன்னைக் காப்பாத்தின அண்ணன். அவரைப் போய் இப்படி வரைஞ்சுட்டேனேன்னு என்னைத் திட்டணும்னா திட்டிக்கோ. ஆனா அத்தை பார்த்தா உசிரை விட்டுடுவாங்க. பத்திரிகை வந்ததும் முதல்ல கண்ணாடியை எடுக்கிறவங்களே அவங்கதான். அதனால நிரப்பிடு. முகமில்லாமலே முடியட்டும். ஆசிரியர் கத்தினா கத்திட்டுப் போகட்டும்."

"ஹால்ல இருக்கிற படத்துல இந்த மூஞ்சி இல்லையே அண்ணி. எப்போ பார்த்தீங்க?"

 அண்ணி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"கல்யாணமான ரெண்டாம் வருஷம். ஞாயித்துக்கிழமை மத்தியானம். எனக்கு இளைப்பு வந்துடுச்சு. உறிஞ்சுற மருந்து அவர் கையில இருந்தது. நான் கையை நீட்டறேன். அவர் கட்டிலுக்குப் பக்கத்துல நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துட்டார். இப்படியே. தலையைச் சாய்ச்சுக்கிட்டு. கோபமா ஒரு வார்த்தை இல்லை, ஒரு சண்டை இல்லை, காலையில கூட சிரிச்சுப் பேசிட்டுத்தான் இருந்தார். எனக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வருது, அவர் பார்த்துட்டே இருக்கார். அத்தை தண்ணி குடிக்க எழுந்தவங்க தற்செயலா கதவைத் திறந்தாங்க. திறந்த நிமிஷமே பதறிக்கிட்டு மருந்தை என் வாயில வச்சான். 'அம்மா, நல்லவேளை நான் பக்கத்துல இருந்தேன்'னு அழுதான் பாரு, அப்படி ஓர் அழுகை." அதுவரை 'அவர்' என்று சொல்லிக்கொண்டிருந்தவள் எந்த இடத்தில் மாறினாள் என்று அவளுக்கே தெரியாது. "அதுக்கப்புறம் அந்த மருந்துல ஒண்ணை எப்பவும் இடுப்புல செருகிட்டே திரிஞ்சேன். யார்கிட்ட சொல்றது? ஊரே அவனைத் தலையில தூக்கி வச்சு ஆடுது. அவங்க ஆபீஸ் விழாவுல என்னை மேடையேத்தி, என் உசிரைக் காப்பாத்தினவர்னு மைக்கைப் பிடிச்சு நன்றி வேற சொல்ல வச்சாங்க."

பாப்பா தன் கோணல் கையை மேஜை மேல் வைத்தாள்.

"என்னைத் தள்ளிவிட்டதே அவன்தான் அண்ணி."

அண்ணி நிமிர்ந்தாள். பாப்பா சொன்னாள். பட்டம், தொட்டி, முதுகில் பட்ட இரண்டு கை, கீழே வந்து நின்று பார்த்த பார்வை. சொல்லச் சொல்லக் குரல் எட்டு வயதுக்காரியின் குரலாகப் போனது. அண்ணி நடுவில் ஒரு கேள்வி கேட்கவில்லை, நிஜமாவா என்று கேட்கவில்லை, உனக்குச் சரியாக ஞாபகம் இருக்கா என்று கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்ததும், "நீயும் நன்றி சொன்னியா?" என்றாள்.

"வந்தவங்க போனவங்க அத்தனை பேர் முன்னாடியும்."

"எனக்காவது மைக் குடுத்தாங்க."

முதலில் அண்ணிதான் சிரித்தாள். பிறகு பாப்பா. சிரிக்கிற விஷயமா இது? இல்லைதான். ஆனால் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள், சிரிப்பு எங்கே அழுகையாக மாறியது என்று தெரியாமல் அழுதார்கள். புருஷன் செத்த அன்று வராத கண்ணீர் அண்ணிக்கு அன்றைக்கு வந்தது.

பாப்பா மறுபடி அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். பயம் வரவில்லை. அவள் மனசில் நிரம்பி வழிந்தது நன்றிதான். கற்பனை இல்லை, பைத்தியம் இல்லை, தான் நன்றி கெட்டவளும் இல்லை. தான் பார்த்ததை இன்னொருத்தியும் பார்த்திருக்கிறாள், பார்த்து, கோடு கோடாக, இமை இமையாக வரைந்தும் வைத்திருக்கிறாள். முப்பத்தைந்து வருஷமாக ஒற்றை ஆளாகச் சுமந்த மூட்டையின் மறுமுனையை யாரோ வந்து பிடித்த மாதிரி இருந்தது. இந்த அண்ணியை இந்த வீட்டுக்குக் கொண்டுவந்த ஒரே காரியத்துக்காக அண்ணனையே மன்னித்துவிடலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஒரு கணம்தான்.

"அண்ணி, உங்களுக்கு நான் எப்படி..." என்று ஆரம்பித்தாள்.

"ஆரம்பிச்சுட்டா பாரு. மேடையா இது? மூக்கைத் துடை, பக்கத்துல ஒழுகப் போகுது."

பாப்பா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். வாயால் சொல்ல முடியாததைக் கையால் சொல்லிவிடலாம் என்று ரப்பரை எடுத்து அந்தக் குறியை அழிக்கப் போனாள். அண்ணி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேண்டாம். உனக்கும் எனக்கும் தெரிஞ்சா போதும்."

"எத்தனை நாளைக்கு அண்ணி மறைக்கிறது? வாரா வாரம் இந்த மூஞ்சி மேல நானே மை பூசியிருக்கேன்."

"அத்தைக்காக, பாப்பா. பெத்த பிள்ளை. அந்தப் படத்தைத் துடைக்காம அவங்க ஒருநாள் காபி குடிச்சதில்லை. அவன் போனதும், புருஷனை முழுங்கினவ, வெளிய போன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எனக்குப் போக்கிடம் ஏது? சொல்லலையே. சொந்தக்காரங்க சொன்னப்போ கூட, இது அவ வீடுன்னு வாசல்ல நின்னு விரட்டினாங்க. அன்னிக்கு அவங்க தண்ணி குடிக்க எழுந்ததாலதான் நான் இன்னிக்கு உசிரோட இருக்கேன். அந்தக் கடனுக்கு நான் இதையாவது செய்யணும். அவங்க மனசுல இருக்கிற பிள்ளை அப்படியே இருக்கட்டும். நிரப்பு."

பாப்பா ரப்பரை வைத்துவிட்டுத் தூரிகையைக் கையில் எடுத்தாள். நிரப்பினால் அம்மாவின் பிள்ளை பிழைப்பான். நிரப்பாவிட்டால் தொட்டியடியில் கிடந்த சிறுமி பிழைப்பாள். இரண்டையும் காப்பாற்ற எந்தத் தூரிகையாலும் முடியாது. தூரிகை நுனியில் மை திரண்டு நின்றது.

"என்னடி ரெண்டு பேரும் சிரிக்கிறீங்க, அழறீங்க? ஒரு கண்ணு மூட விடறீங்களா மனுஷியை?"

அம்மா கதவருகில் நின்றாள். கையில் பூதக்கண்ணாடி. பாப்பா அவசர அவசரமாக இடது கையைப் பக்கத்தின் மேல் கவிழ்த்தாள். நிமிராத கை, முகத்தில் பாதியைத்தான் மறைத்தது. அம்மா நொண்டிக்கொண்டே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"முகம் வந்தாச்சா?"

"இல்லை அத்தை, அது இன்னும் சரியா வரலை..." என்று அண்ணி எழுந்தாள்.

"கையை எடு பாப்பா."

இப்போதுகூட ஒரே வீச்சில் மையைப் பூசிவிடலாம். பாப்பா அம்மாவைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள். தூரிகையைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டாள், கையை எடுத்தாள். 

அம்மா பூதக்கண்ணாடியை வைத்து முகத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தாள், மறுபடி கீழிருந்து மேலாகப் பார்த்தாள். அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்கோ போன் அடித்து ஓய்ந்தது, ஆசிரியராகத்தான் இருக்கும்.

"காது இன்னும் கொஞ்சம் தலையோட ஒட்டி இருக்கணும்" என்றாள் அம்மா. "மத்ததெல்லாம் சரியா இருக்கு."

பூதக்கண்ணாடியை இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அன்னிக்குத் தண்ணி குடிக்க வந்தேன்னா நினைச்சே?" அம்மா அண்ணியிடம் கேட்டாள். குரல் சாதாரணமாக இருந்தது, அரிசி களைந்தாயா என்று கேட்கிற மாதிரி. "சுவத்துக்கு அந்தப் பக்கம் படுத்துக்கிட்டு உன் இருமலைத்தான் கேட்டுட்டிருந்தேன். திடீர்னு சத்தம் நின்னுது. அவன் உள்ளே இருக்கான், இருமல் நின்னுது. எழுந்து வந்துட்டேன். கோயில் குளம்னு போன்னு எத்தனை பேர் சொன்னாங்க. பிள்ளையை விட்டு ஒருநாள் இருக்க மாட்டாள்னு கேலி பண்ணாங்க. அவன் இருந்த வீட்ல உன்னைத் தனியா விட்டுட்டு எங்கே போவேன்?"

"அத்தை..." என்றாள் அண்ணி.  நின்ற இடத்திலேயே சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள்.

பாப்பா அம்மா பக்கம் திரும்பினாள். "அப்போ தொட்டி? அதுவும் உனக்குத் தெரியுமாம்மா?"

"துணி எடுக்க மாடிப்படி ஏறி வந்துட்டிருந்தேன். நீ கிடக்கிறே. அவன் நின்னு பார்த்துட்டிருக்கான். என் தலை தெரிஞ்சதும்தான் அழ ஆரம்பிச்சான்."

கோபம் பாப்பாவுக்கு உச்சந்தலைக்கு ஏறியது. "தெரிஞ்சுமா? தெரிஞ்சுமா என்னை அவன் முன்னாடி நிறுத்தி நன்றி சொல்ல வச்சே? வர்றவங்க போறவங்க முன்னாடியெல்லாம்?"

அம்மா பூதக்கண்ணாடியை மேஜை மேல் வைத்தாள்.

"உங்கப்பாகிட்ட சொன்னேன். என்னைத்தான் பைத்தியம்னார். பன்னிரண்டு வயசுப் பிள்ளையை எங்கே கொண்டுபோய் விடறது? நான் எத்தனை நேரம் உன் பின்னாடியே சுத்த முடியும்? அப்பத்தான் கவனிச்சேன். எல்லாரும் தட்டிக் குடுக்கிறாங்க, கொண்டாடறாங்க. தங்கச்சியைக் காப்பாத்தின பிள்ளைங்கிற பேர் அவனுக்குப் பிடிச்சுப் போச்சு. ஒண்ணு பிடிச்சா அதை விட மாட்டான், சின்ன வயசுலேருந்து அப்படித்தான். நீ உசிரோட நின்னு, உன் வாயால சொன்னாத்தான் அந்தப் பேர் அவனுக்கு நிக்கும். நீ போயிட்டா அதுவும் போயிடும். அதான் சொல்ல வச்சேன். அது பழசாகாம இருக்கணும்னு திரும்பத் திரும்பச் சொல்ல வச்சேன். நீ அவனுக்கு வேணும்னு பண்ணி வச்சேன். எனக்கு வேற வழி தெரியலை."

"என்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாமேம்மா."

"எட்டு வயசு. உன் மூஞ்சியில எல்லாம் தெரிஞ்சிடும். அவன் மூஞ்சியைப் படிக்கிறவன்."

பாப்பா அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, நிமிராத கையை அவள் முழங்காலைச் சுற்றிப் போட்டு, மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தொண்டையில் முள்ளாகக் குத்திய அந்தச் சொல்தான் தன்னை வளர்த்து ஆளாக்கியிருக்கிறது. ஒவ்வொரு முறை முன்னால் தள்ளப்பட்டபோதும் அம்மாவை எப்படி வெறுத்திருக்கிறாள்! அந்த வெறுப்பையும் தாங்கிக்கொண்டு ஒருத்தி இருபது முப்பது வருஷம் கண் கொட்டாமல் காவல் இருந்திருக்கிறாள்.  அண்ணியும் தவழ்ந்து வந்து அம்மாவின் இன்னொரு முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

அம்மா அழவில்லை. இரண்டு தலையையும் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு மேஜை மேல் துழாவி ரப்பரை எடுத்தாள். பக்கத்தைக் கிட்டே இழுத்து, மகன் நெற்றியில் இருந்த குறியைத் தாள் கசங்காமல் பொறுமையாக அழித்து, தூசியை ஊதிவிட்டாள்.

"காதைச் சரி பண்ணி அனுப்பும்மா" என்றாள் அண்ணியிடம். "எல்லாரும் பார்க்கட்டும்."

"உங்களுக்குக் கஷ்டமா இல்லையா அத்தை?"

"நான் பெத்தது. கஷ்டம் இல்லாம இருக்குமா?" அம்மா மடியில் கிடந்த இரண்டு பேரையும் பார்த்தாள். "ஆனா உங்க ரெண்டு பேரையும் காப்பாத்தினது நான்தான். எவனெவனோ அந்தப் பேரை வாங்கிட்டுப் போனான். ஒரு தடவையாவது வாய்விட்டுச் சொல்லிக்கணும்னு எனக்கும் ஆசையா இருந்தது. சொல்லிட்டேன்."